பொது சுகாதார மேற்படிப்பு: புதிய மருத்துவர் எங்கிருந்து தொடங்குவது?

முதுநிலை மருத்துவ இடங்களுக்கான கலந்தாய்வு நடக்கும் வாரங்களில் இரவு பத்து மணிக்கு மேல்தான் எனக்கு அழைப்புகள் வரும். "அக்கா, கம்யூனிட்டி மெடிசின் கிடைக்கும் போலிருக்கிறது. எடுத்துவிடலாமா, இல்லை இன்னொரு வருடம் படித்துப் பார்க்கலாமா?" சற்று நேரம் பேச்சு நிற்கும். பிறகு, "எம்.பி.எச். என்று பொது சுகாதாரத்துக்கே ஒரு முதுநிலைப் பட்டம் இருக்கிறதே, அது எப்படி அக்கா?" மறுநாள் மாலைக்குள் இடத்தை ஏற்க வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவரிடம் இதற்கு நேர்மையான பதில் சொல்லப் பத்து நிமிடம் போதாது. அந்த அழைப்புக்கு ஓராண்டு முன்பே தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருப்பவர்களையும், இப்போதுதான் பதிவு எண் வாங்கியவர்களையும் மனதில் வைத்து எழுதியது இது.

பெரும்பாலோர் கல்லூரியின் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். எது பெரியது, எது வெளிநாடு, எதில் கட்டணம் குறைவு என்று பட்டியல் போடுகிறார்கள். பொது சுகாதாரத்தில் அந்த வரிசை தலைகீழானது. இருதய மருத்துவம் படித்தவர் எங்கே படித்தாலும் இருதய மருத்துவர்தான். பொது சுகாதாரம் படித்தவரோ படிப்பைப் பொறுத்து முற்றிலும் வேறு வேறு மனிதர்களாக வெளியே வருகிறார். ஒருவர் மாவட்டத்தை நிர்வகிக்கிறார், ஒருவர் கணினியில் தரவைப் பிரித்துப் பார்க்கிறார், ஒருவர் வகுப்பெடுக்கிறார். எனவே முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது வேலையை.

முதல் படி: அந்த வேலையைக் கண்ணால் பாருங்கள்

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்த முதல் கோடையில், ஒரே தெருவிலிருந்து மூன்று குழந்தைகள் வயிற்றுப்போக்குடன் வந்தார்கள். ஓ.ஆர்.எஸ்., துத்தநாக மாத்திரை எழுதி, நீரிழப்பு இருந்த குழந்தையைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். மருத்துவராக என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். கிராம சுகாதாரச் செவிலியர் தெருப் பெயரைக் கேட்டதுமே சுகாதார ஆய்வாளருக்குத் தகவல் சொல்லிவிட்டார். ஆய்வாளர் மாலையில் என்னையும் அழைத்துப் போனார். மேல்நிலைத் தொட்டிக்கு அருகிலிருந்த குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரின் இருந்தால் நிறம் காட்டும் ஆர்த்தோடொலிடின் சொட்டு விட்டார். மஞ்சள் நிறம் வந்தது. தெருவின் கடைசிக் குழாயில் பிடித்தார், நிறமே மாறவில்லை. தொட்டியில் இருந்த குளோரின் அங்கே வந்து சேரவில்லை. இடையில் சாக்கடையை ஒட்டி ஓடிய குழாயில் கசிவு இருந்தது. அந்தக் குழாயை மாற்றிய பிறகு அந்தத் தெருவிலிருந்து குழந்தைகள் வருவது நின்றது. எனக்கு இந்தத் துறை பிடித்தது அன்றுதான்.

உங்களுக்கும் அப்படி ஒரு நாள் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் நீங்களே தேடிப் போங்கள். ஹவுஸ் சர்ஜன் காலத்தில் சமூக மருத்துவப் பணி இருக்கிறது. பலர் அதை முதுநிலை நுழைவுத் தேர்வான நீட்-பி.ஜி.க்குப் படிக்கக் கிடைத்த ஓய்வாகக் கழித்துவிடுகிறார்கள், வருத்தமாக இருக்கிறது. அந்த வாரங்களில் வட்டார மருத்துவ அலுவலர் நடத்தும் ஆய்வுக் கூட்டத்தில் ஓர் ஓரமாக உட்காருங்கள். மகப்பேறு இறப்புத் தணிக்கை நடந்தால் அனுமதி வாங்கிக் கேளுங்கள். சுகாதார ஆய்வாளருடன் ஒரு நாள் நடங்கள். மாவட்ட சுகாதார அலுவலரின் அலுவலகத்தில் ஒரு நாள் இருந்து, எத்தனை கோப்பு, எத்தனை காணொலிக் கூட்டம், எத்தனை கள ஆய்வு என்று பாருங்கள். கோப்பும் கூட்டமும் உங்களை மூச்சுத் திணற வைக்கிறதா, அல்லது ஒரு கையெழுத்தில் முந்நூறு கிராமங்களுக்கு ஏதோ போய்ச் சேர்கிறது என்பது உங்களை உற்சாகப்படுத்துகிறதா? இதற்கான பதிலை எந்தக் கல்லூரி கையேடும் சொல்லாது.

தமிழ்நாட்டில் இருப்பவருக்கு இதில் ஒரு தனி வாய்ப்பு உண்டு. நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் பொது சுகாதாரத்துக்கெனத் தனி அதிகாரி வரிசை கிடையாது. மருத்துவமனைப் பணியில் மூத்தவரே ஒரு கட்டத்தில் மாவட்டத்தின் சுகாதாரத்துக்கும் பொறுப்பேற்பார். இங்கே பொது சுகாதாரம் மற்றும் நோய்த் தடுப்பு மருந்துத் துறை நூறாண்டு கடந்த தனி இயக்குநரகம். அதற்குச் சட்டப் பின்புலமாக 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம் இருக்கிறது. மருத்துவராகச் சேர்ந்து, பொது சுகாதாரம் படித்து, அதே துறையில் மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் பொறுப்பேற்கும் பாதை இங்கே உண்மையிலேயே இருக்கிறது. அந்தப் பாதைதான் வேண்டும் என்றால் உங்கள் படிப்புத் தேர்வு ஒரு மாதிரி அமையும்.

ஆராய்ச்சிதான் ஈர்க்கிறது என்றால் வேறு மாதிரி அமையும். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டது: காசநோயாளியைச் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் வைத்திருக்கத்தான் வேண்டுமா? ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும், மற்றவர்களுக்கு நெரிசலான சென்னை வீடுகளிலும் ஒரே மாத்திரைகளைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. வீட்டில் உடனிருந்தவர்களுக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை. 1959-இல் வெளிவந்த அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. அதே சென்னையில் உள்ள தேசிய எபிடெமியாலஜி (நோய்ப்பரவலியல்) நிறுவனம் தமிழக அரசுடன் சேர்ந்து 2022-இல் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. நோய் உறுதியானவுடனேயே உடல் எடை–உயர விகிதம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்ப்பதுதான் அதன் வழி. இவற்றில் எந்தப் புதிய மருந்தும் இல்லை. ஒழுங்காகக் கேட்ட கேள்வியும் ஒழுங்காக எண்ணிய எண்ணும்தான் இருக்கின்றன. இந்த வகை வேலை உங்களுக்கு இனிக்கிறது என்றால், கணக்கைக் கற்றுத்தரும் இடத்துக்குப் போக வேண்டும்.

இரண்டாம் படி: மூன்று கதவுகளையும் பிரித்தறியுங்கள்

எம்.டி. கம்யூனிட்டி மெடிசின், அதாவது சமூக மருத்துவம், மூன்றாண்டுப் படிப்பு. நீட்-பி.ஜி. வழியாகவும், எய்ம்ஸ், ஜிப்மர், சண்டிகர் பி.ஜி.ஐ. போன்ற இடங்களுக்கு ஐ.என்.ஐ.-செட் என்ற தனி நுழைவுத் தேர்வு வழியாகவும் சேர வேண்டும். மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. இதை எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவத் துறையில் ஆசிரியராக வேண்டும் என்றால் பொதுவாக இதுவும் இதற்கு இணையான டி.என்.பி.யும்தான் வழி. இடையில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவ அமைப்பில் பணிபுரியும் கட்டாயப் பயிற்சியும் இருக்கிறது. நல்ல மாவட்டத்தில் நல்ல அதிகாரியிடம் போனால் அந்த மூன்று மாதமே பெரிய பள்ளிக்கூடம்.

பொது சுகாதார டிப்ளமோ, அதாவது டி.பி.எச்., வெளியில் அதிகம் பேசப்படாதது. தமிழக அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு அது நெடுங்காலமாகப் பதவி உயர்வின் ஏணிப்படி. சென்னை மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவ நிலையம் இதற்குப் பெயர் பெற்றது. ஏற்கெனவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிரந்தரப் பணியில் இருப்பவர், மாவட்ட நிர்வாகத்துக்குப் போக விரும்பினால், எம்.பி.எச். பற்றி யோசிக்கும் முன் இதைப் பாருங்கள். அரசுப் பணியில் உள்ளவர்களுக்கான ஒதுக்கீட்டையும் விசாரியுங்கள். அதை மாநிலங்கள் வழங்கலாம் என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது.

எம்.பி.எச். பெரும்பாலும் இரண்டாண்டு. நீட்-பி.ஜி. தேவையில்லை, அந்தந்த நிறுவனமே நுழைவுத் தேர்வும் நேர்காணலும் நடத்தும். வகுப்பில் உங்கள் பக்கத்தில் பல் மருத்துவர், சித்த மருத்துவர், செவிலியர், சமூகவியல் படித்தவர், சில இடங்களில் பொறியாளர்கூட இருப்பார். மருத்துவர்களில் சிலருக்கு இது முதலில் உறுத்துகிறது. என் அனுபவத்தில் அந்த வகுப்பின் பெரிய சொத்தே அதுதான். ஒரு கிராமத்தில் தடுப்பூசிக்கு ஏன் வர மறுக்கிறார்கள் என்ற கேள்விக்கு, வகுப்பில் இருந்த நாங்கள் ஆறு மருத்துவர்களும் ஆறு பத்தி எழுதினோம். முன்பு மகளிர் குழுவில் வேலை பார்த்த ஒரு பெண் ஒரே வரியில் சொன்னார்: "முகாம் நடக்கும் நேரத்தில் அவர்கள் நூறு நாள் வேலையில் இருப்பார்கள்."

எம்.பி.எச். பட்டத்தைத் தேசிய மருத்துவ ஆணையம் பொதுவாகச் சிறப்பு மருத்துவப் பட்டமாக எண்ணுவதில்லை. இதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும். அது குறை அல்ல. வேறு வகைப் பட்டம். உலக சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்பு மருத்துவ அலுவலர் பணி, தேசிய சுகாதார இயக்கத்தின் ஆலோசகர் பணி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆராய்ச்சித் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றில் எம்.பி.பி.எஸ். உடன் எம்.பி.எச். என்பதற்கு மதிப்பு உண்டு. மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராவது உங்கள் கனவானால் மட்டும் இந்தக் கதவு உங்களை அங்கே கொண்டு சேர்க்காது.

இவற்றில் எது என்று முடிவு செய்ய எனக்குத் தெரிந்த சிறந்த வழி, நீங்கள் விரும்பும் வேலைக்கான பழைய ஆட்சேர்ப்பு அறிவிப்புகளை எடுத்துப் படிப்பதுதான். டி.என்.பி.எஸ்.சி.யின் சுகாதார அலுவலர் அறிவிப்பு, ஐ.சி.எம்.ஆர். விஞ்ஞானி அறிவிப்பு, கண்காணிப்பு மருத்துவ அலுவலர் அறிவிப்பு என்று ஐந்தாறு அறிவிப்புகளை அச்செடுங்கள். "கல்வித் தகுதி" என்ற பத்தியில் எந்தப் பட்டத்தின் பெயர் எழுதியிருக்கிறது, எது கட்டாயம், எது விரும்பத்தக்கது, எத்தனை ஆண்டு அனுபவம் என்று கோடிடுங்கள். ஒரு மாலைப் பொழுதில் முடிகிற வேலை. இதைச் செய்யாமல் இரண்டாண்டும் சில லட்சமும் செலவழித்துவிட்டு, "இந்தப் பணிக்கு இந்தப் பட்டம் செல்லாதாமே" என்று அழுத தங்கை ஒருவரை எனக்குத் தெரியும்.

ரேங்க் பற்றிச் சில வார்த்தைகள்

கம்யூனிட்டி மெடிசின் கலந்தாய்வில் கடைசிச் சுற்றுகளில் நிரம்பும் துறை. அதனால் "வேறு எதுவும் கிடைக்காதவர் எடுப்பது" என்ற பேச்சு ஊரெங்கும் இருக்கிறது. வீட்டிலும் சொல்வார்கள். இந்தப் பேச்சைக் கேட்டு மனம் வெம்பி, விருப்பமில்லாமல் சேர்ந்து, ஓராண்டில் இடத்தை விட்டு வெளியேறி, அதற்கான அபராதத்தையும் கட்டியவர்கள் உண்டு. விருப்பமில்லாமல் சேராதீர்கள். விருப்பம் இருந்தால் நல்ல ரேங்கிலும் இதை எடுங்கள். அப்படி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஐ.என்.ஐ.-செட் மூலம் கிடைக்கும் இடங்களுக்கு நல்ல ரேங்க் இருந்தால்தான் தேர்ந்தெடுக்கும் வசதியே இருக்கும். சேரும் முன் அந்த மாநிலத்தின் பணி ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் தொகை எவ்வளவு என்று விவரக் குறிப்பேட்டில் நீங்களே படியுங்கள். நண்பர் சொன்னதை நம்பாதீர்கள். ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

மூன்றாம் படி: நிறுவனத்தை எடைபோடுவது

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். நான்கு விஷயங்களைப் பாருங்கள். கட்டடமும் தரவரிசையும் அவற்றில் இல்லை.

ஆய்வேடுகள் முதலில். கடந்த மூன்றாண்டில் மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளின் தலைப்புகளைக் கேட்டு வாங்குங்கள். பல நிறுவனங்கள் இணையதளத்திலேயே வைத்திருக்கின்றன. இல்லாவிட்டால் பழைய மாணவரிடம் கேளுங்கள். தலைப்புகள் எல்லாம் "இன்ன கல்லூரி மாணவர்களிடையே இன்னதைப் பற்றிய அறிவும் மனப்பான்மையும் நடைமுறையும்" என்ற அச்சிலேயே இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். அங்கே மாணவர் வளாகத்தை விட்டு வெளியே போகவில்லை என்று பொருள். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வாங்குபவர்களில் எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, ஓர் ஊரில் டெங்கு பரவியபோது என்ன நடந்தது, மலைக்கிராமத்தில் பிரசவத்துக்கு வண்டி வர எவ்வளவு நேரமாகிறது என்பன போன்ற தலைப்புகள் இருந்தால், ஆசிரியர்கள் மாணவரைக் களத்துக்கு அனுப்புகிறார்கள் என்று தெரியும்.

இதைச் சொல்வதற்கு எனக்குக் காரணம் உண்டு. நான் படித்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். நான் பார்க்க விரும்பியது சிறுநீரகச் செயலிழப்பு உள்ள விவசாயக் கூலிகளை. வழிகாட்டி அதற்கு அனுமதி வாங்கத் தாமதமாகும் என்று சொல்லி, மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து ஏற்கெனவே திரட்டிய ஒரு பட்டியலை என் கையில் கொடுத்தார். ஆய்வேடு நேரத்துக்கு முடிந்தது, பட்டம் வந்தது. வயலில் நின்று ஒருவரிடமும் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேள்வித்தாள் தயாரிப்பது, கணக்கெடுப்பவருக்குப் பயிற்சி தருவது, மறுக்கும் வீட்டை என்ன செய்வது என்பதையெல்லாம் வேலைக்குப் போன பிறகு, மற்றவர் செலவில் கற்றுக்கொண்டேன். சேரும் முன் பழைய ஆய்வேடுகளை ஒரு மணி நேரம் புரட்டியிருந்தால் எனக்கு அது தெரிந்திருக்கும்.

இரண்டாவது, களப் பகுதி. அந்த நிறுவனத்துக்குச் சொந்தமான, ஆண்டுக்கணக்கில் பழகிய மக்கள்தொகை இருக்கிறதா? வேலூர் சி.எம்.சி.யின் சமூக சுகாதாரத் துறை கணியம்பாடி வட்டாரத்தில் பல பத்தாண்டுகளாகப் பிறப்பு, இறப்பு, கர்ப்பம் ஆகியவற்றைப் பதிந்து வருகிறது, கே.வி.குப்பத்தில் அதே சி.எம்.சி.யின் ரூசா என்ற கிராம சுகாதார மையம் இருக்கிறது. கொல்கத்தாவில் 1932-இல் தொடங்கிய அகில இந்திய சுகாதார, பொது சுகாதார நிலையத்துக்குச் சிங்கூரில் பழமையான கிராமப் பயிற்சிப் பகுதி உண்டு. ஜிப்மருக்குப் புதுச்சேரியில் கிராம, நகர சுகாதார மையங்கள் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் வீட்டுக் கதவைத் தட்டினால் திறப்பார்கள். களம் இல்லாத நிறுவனம் உங்களைப் பேருந்தில் ஏற்றி ஒரு நாள் சுற்றுலா காட்டித் திரும்ப அழைத்து வரும்.

மூன்றாவது, ஆசிரியர்கள். எத்தனை பேர் என்பதைவிட அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெடில் அவர்கள் பெயரைத் தட்டச்சு செய்து கடைசி ஐந்து கட்டுரைகளைப் படியுங்கள். மாணவர் பெயர் முதல் ஆசிரியராக வருகிறதா? நோய்ப்பரவல் ஏற்பட்டால் அரசு இவர்களை அழைக்கிறதா? முழுநேரப் புள்ளியியல் ஆசிரியர் இருக்கிறாரா? இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். பல இடங்களில் புள்ளியியலை வெளியிலிருந்து வந்து இரண்டு வாரம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பிறகு மாணவர்கள் ஆய்வேட்டுக் கணக்கைக் காசு கொடுத்து யாரிடமோ செய்து வாங்குகிறார்கள். ஆர், ஸ்டேட்டா, எபி இன்ஃபோ ஆகிய புள்ளியியல் மென்பொருள்களில் ஏதாவது ஒன்றை மாணவர் தம் கையால் இயக்கக் கற்றுத்தருகிறார்களா என்று கேளுங்கள்.

நான்காவது, படித்து முடித்தவர்கள். முந்தைய இரண்டு ஆண்டு மாணவர்களில் மருத்துவர்களாக இருந்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? நிறுவனம் தரும் பட்டியலில் பெரிய அமைப்புகளின் சின்னங்கள் இருக்கும். ஒருவர் இரண்டு மாதம் பயிற்சிக்குப் போயிருந்தாலும் சின்னம் வந்துவிடும். மூன்று பேரின் எண்ணை வாங்கிப் பேசுங்கள். "படிப்பு எப்படி" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்றுதான் சொல்வார்கள். "உங்கள் ஆய்வேட்டுக்கு வழிகாட்டி எத்தனை முறை களத்துக்கு வந்தார்?", "முதல் வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆனது?", "இந்தத் திங்கட்கிழமை காலை என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேளுங்கள்.

அங்கீகாரத்தையும் பார்த்துவிடுங்கள். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், ஜிப்மர், சண்டிகர் பி.ஜி.ஐ. ஆகியவை நாடாளுமன்றச் சட்டத்தின்படி பட்டம் வழங்குபவை, அங்கே கவலையில்லை. மற்ற இடங்களில் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் எது, அதற்கு யு.ஜி.சி. அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள்.

எந்த இடம் எதற்கு

இது என் கணிப்பு. மற்றவர் வேறு மாதிரி சொல்லலாம். நாட்டில் எம்.பி.எச். என்ற படிப்பை 1997-இல் முதலில் தொடங்கியது ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம். நோயை எண்ணுவதோடு, வறுமை, சாதி, பாலினம் ஆகியவை உடல்நலத்தை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதையும் ஆழமாகக் கற்க வேண்டும் என்றால் என் முதல் பரிந்துரை அதுதான். நோய்ப்பரவலைத் துப்பறிவது, கண்காணிப்பு அமைப்பை ஆராய்வது ஆகியவற்றைக் கைப்பழக்கமாகக் கற்க சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய எபிடெமியாலஜி நிறுவனம். 2001-இலிருந்து களப் பயிற்சியை முதுகெலும்பாக வைத்துப் படிப்பு நடத்துகிறது. அரசு மருத்துவர்களுக்கு மிகவும் ஏற்றது. கொள்கை, சமூக அறிவியல் பக்கம் நாட்டம் இருந்தால் மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும், தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சமூக மருத்துவ மையமும். காந்திநகர், ஐதராபாத், புவனேஸ்வர் முதலிய ஊர்களில் இந்தியப் பொது சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. திட்ட மேலாண்மைப் பணிகளுக்குப் போக விரும்புபவர்கள் பார்க்கலாம், ஆனால் ஊருக்கு ஊர் மேலே சொன்ன நான்கையும் தனித்தனியே சோதியுங்கள். தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம் அதிகம். களம் எப்படி என்பதை நேரில் போய்ப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

வெளிநாடு என்றால்

பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 1916-இல் தொடங்கிய பள்ளி; அங்கே முழுநேர எம்.பி.எச். பதினொரு மாதம். 1899-இல் தொடங்கிய லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் எம்.எஸ்சி. ஓராண்டு. இவை அருமையான இடங்கள். ஆனால் ஓராண்டு என்பது மிக வேகமாகப் போகும். களத்தில் எதையும் செய்யாமல் அங்கே போகும் இருபத்து நான்கு வயது மருத்துவரிடம் கேட்பதற்குக் கேள்விகளே இருக்காது. இரண்டு, மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் போகிறவர், வகுப்பில் ஒவ்வொரு பாடத்தையும் தம் நிலையத்தோடு பொருத்திப் பார்ப்பார். உதவித்தொகைகளும் இதையே கேட்கின்றன. பிரிட்டன் அரசின் செவனிங் இரண்டாண்டு அனுபவம் கேட்கிறது. முடித்ததும் நாடு திரும்பி இரண்டாண்டு இருக்க வேண்டும். அமெரிக்காவில் படிக்க உதவும் ஃபுல்பிரைட்–நேரு முதுநிலை உதவித்தொகை மூன்றாண்டு அனுபவம் கேட்கிறது. எனவே வெளிநாடுதான் இலக்கு என்றாலும் இப்போது செய்ய வேண்டியது ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒரு திட்டத்திலோ வேலைக்குச் சேர்வதுதான்.

அமெரிக்காவில், பொது சுகாதாரப் பள்ளிகளை மதிப்பிடும் சி.இ.பி.எச். (CEPH) என்ற குழுவின் அங்கீகாரம் உள்ள பள்ளியா என்று பாருங்கள். விண்ணப்பம் பெரும்பாலும் சோஃபாஸ் என்ற பொதுத் தளம் வழியாகத்தான். மதிப்பெண் சான்றுகளை வெஸ் நிறுவனம் மதிப்பிட வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட சான்று வாங்க வேண்டும்; கிண்டியில் உள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு அலைவதற்கே சில வாரங்கள் ஒதுக்குங்கள். படிப்பு முடிந்த பின் அங்கே வேலை செய்யும் காலம் பற்றி ஒரு நுட்பம் உண்டு: அந்தக் காலத்தை நீட்டித் தரும் அறிவியல்–தொழில்நுட்பப் பிரிவில் பொதுவான எம்.பி.எச். வராது. எபிடெமியாலஜி, உயிர்ப்புள்ளியியல் படிப்புகள் வரக்கூடும். அந்தப் பள்ளி எந்தக் குறியீட்டில் பதிந்திருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள். விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், அங்கேயே வேலை கிடைத்துக் கடனை அடைத்துவிடலாம் என்ற ஒரே கணக்கை நம்பிக் கடன் வாங்காதீர்கள். எம்.பி.எச். படித்ததால் அங்கே நோயாளிகளைப் பார்க்க முடியாது, அதற்கு யு.எஸ்.எம்.எல்.இ. என்ற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வு தனி வழி. திரும்பி வந்து அரசுப் பணிக்குப் போவதாக இருந்தால், ஓராண்டுப் பட்டத்துக்கு இங்கே இணைச் சான்று கிடைக்குமா என்பதை முன்பே விசாரியுங்கள்.

விண்ணப்பக் கட்டுரை

"சிறு வயதிலிருந்தே சேவை செய்ய ஆசை" என்று தொடங்கும் கட்டுரையைத் தேர்வுக் குழுவினர் ஒரு நாளில் பலமுறை படிக்கிறார்கள். நீங்கள் பார்த்த ஒரு சிக்கலை எழுதுங்கள். எத்தனை பேர், எந்த ஊர், நீங்கள் என்ன செய்தீர்கள், எது உங்களுக்குத் தெரியாமல் போனது, அதைக் கற்க இந்தப் படிப்பில் எந்தப் பாடம் உதவும் என்று எழுதுங்கள். பரிந்துரைக் கடிதத்தை முதல்வரிடம் வாங்க அலைவதைவிட, உங்களுடன் களத்தில் நின்ற வட்டார மருத்துவ அலுவலரிடம் வாங்குங்கள். முதல்வருக்கு உங்கள் பெயர் நினைவிருக்காது.

வீட்டில் பேசுவது

அப்பா அம்மாவுக்கு "பொது சுகாதாரம்" என்றால் கொசு மருந்து அடிப்பது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மருத்துவரான பிள்ளை நோயாளியைப் பார்க்காமல் என்ன செய்வாள் என்ற கவலை நியாயமானது. எண்களோடு பேசுங்கள். எம்.டி.யில் மாத உதவித்தொகை எவ்வளவு, எம்.பி.எச்.சில் கட்டணம் எவ்வளவு, அந்த இரண்டாண்டில் இழக்கும் சம்பளம் எவ்வளவு, முடித்தபின் முதல் வேலையில் என்ன கிடைக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பொது சுகாதாரத்தில் பல வேலைகள் ஒப்பந்த அடிப்படையில்தான். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தனியார் கிளினிக் வருமானம் இதில் வராது. வீட்டுக் கடன் உங்கள் தோளில் இருந்தால், நிரந்தர அரசுப் பணியில் சேர்ந்து, பணியில் இருப்போருக்கான ஒதுக்கீட்டில் படிக்கும் வழி மெதுவானது, ஆனால் உறுதியானது. நான் பார்த்த சிறந்த மாவட்ட அதிகாரிகளில் பலர் அந்த வழியில் வந்தவர்கள்.

இடம் கிடைத்த பின், சேரும் வரை

நடுவில் இரண்டு மாதமாவது இருக்கும். ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் வாரந்தோறும் வெளியிடும் நோய்ப்பரவல் அறிக்கையைப் படிக்கத் தொடங்குங்கள். எந்த மாவட்டத்தில் என்ன நோய், எத்தனை பேர், என்ன செய்தார்கள் என்று சுருக்கமாக இருக்கும். ஆர் மென்பொருள் இலவசம். இறக்கி வைத்து ஒரு வரைபடம் போடப் பழகுங்கள். வேலையில் இருந்தால், உங்கள் நிலையத்தின் புறநோயாளிப் பதிவேட்டை எடுத்துக் கடந்த ஓராண்டில் வந்த காய்ச்சல்களை வாரம் வாரமாக எண்ணுங்கள். எந்த வாரத்தில் ஏறுகிறது, எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், ஊர்ப் பெயர் எழுதாமல் விட்ட பதிவுகள் எத்தனை என்று குறியுங்கள். நோயாளிகளின் பெயரை எழுத வேண்டாம். முதல் வாரம் வகுப்புக்குப் போகும்போது அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காட்டி எந்த ஆசிரியரிடம் பேச முடிகிறதோ, அவரிடம் ஆய்வேட்டுக்கு வழிகாட்டக் கேளுங்கள்.